உயர்ந்த உள்ளங்கை

மாசிலாமணி விடிந்ததும் தன்னைப் பற்றி எழுத உட்காருவார். தியான மையத்தில் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. நேற்று யாரிடம் கோபப்பட்டேன், யாரை நோகடித்தேன் என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். முடிக்கும்வரை பேசக் கூடாது. யாராவது அறைக்குள் வந்தால் தலை நிமிராமல் இடது உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். கோயிலில் சாமி அஞ்சாதே என்று காட்டும் கையைப் போலத்தான் இருக்கும். இங்கே அதற்குப் பொருள், அப்புறம் வா என்பது.

அன்று மனைவி திலகவதி கதவருகே வந்து நின்றாள். "என்னங்க, தம்பிக்கு ரொம்ப முடியலையாம். என்னைப் பாக்கணும்னு சொல்றானாம். காரை எடுக்கிறீங்களா?" கை உயர்ந்தது. அப்போது அவர் கருணையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வெளியே வந்து, "என்னமோ சொன்னியே?" என்றார். "இனிமே அவசரமில்லீங்க" என்றாள், போனைக் கீழே வைத்துவிட்டு.

மைத்துனனின் காரியம் முடிந்த மறுநாள் அந்தக் காலையைப் பற்றியே எழுதினார். எழுத எழுதக் கண் கலங்கியது. இத்தனை வருடத்தில் இவ்வளவு உண்மையாக எழுதியதில்லை என்று தோன்றியது. நோட்டோடு அடுக்களைக்குப் போனார்.

"திலகா, உன்கிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கேன். படிக்கிறேன், கேளு."

அவள் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் இடது உள்ளங்கையை உயர்த்தினாள். கடுகு வெடித்து அடங்கியது. எண்ணெய் புகைந்தது. கை இறங்கவில்லை. சற்று நேரம் நின்று பார்த்த மாசிலாமணி, மறப்பதற்குள் அதையும் எழுதிவிட அறைக்குத் திரும்பினார்.