கண்மைக் கறை

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கல்யாண கவுன் விற்கும் மோராக்குக்கு ரத்தம் கொதித்தது. போடவே இல்லை, அளவு சரியில்லை என்று திரும்பி வந்த கவுனின் கழுத்தோரம் கண்மைக் கறை! வாங்கிய கிர்ஸ்டிக்கு உடனே போன் போட்டாள்.

"பொய் சொல்லாதம்மா. நல்லா போட்டு ஆடிட்டுத்தானே அனுப்பியிருக்க?"



"ஆமாங்க. கல்யாணம் அமோகமா நடந்துச்சு. மன்னிச்சுக்கங்க."

"அப்ப உன் கவுன் உன்கிட்டயே வருது!"

கொரியர்காரனிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே வருவதற்குள் போன் அடித்தது.

"நான் கிர்ஸ்டியோட அக்கா. பணமே வேணாம் மேடம், அந்தக் கவுனை மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்க. அன்னைக்கு மாப்பிள்ளை சர்ச்சுக்கு வரவே இல்ல. இப்பத்தான் அவ கொஞ்சம் சாப்பிடவே ஆரம்பிச்சிருக்கா."

மோராக் செருப்புகூடப் போடாமல் கொரியர் வண்டியின் பின்னால் ஓடினாள்.