சித்தப்பா வேடம்

"கட்! ஐயா, போதும்... கட்!"

லண்டனிலிருந்து வந்திருந்த டைரக்டர் ட்ரெவர் போட்ட கூச்சலில் மரத்தடிக் கோழிகள் ஜிம்பாப்வே எல்லைவரை ஓடின. ரா கெபோனாங் மட்டும் அசையவில்லை ('ரா' என்றால் அந்த ஊரில் 'ஐயா'). படத்தில் அரசரின் சித்தப்பாவாகப் பேச எழுந்தவர், வசனத்தை முடித்துவிட்டு, ஊர்க் கிணற்றுக்குப் புது மோட்டார் கேட்க ஆரம்பித்திருந்தார்.

"ஏன் நிறுத்த மாட்டேங்கிறார்?" என்று உதவியாளர் செபீசோவைக் கேட்டார் ட்ரெவர்.

"இது ஊர்மன்றம் சார். இங்க எழுந்து நின்னவர் தானா உட்கார்ற வரைக்கும் அரசரே குறுக்க பேசக்கூடாது."

"இது சினிமாம்மா!"

"அவர் உட்கார்ந்ததும் சொல்லிடறேன் சார்."

அவர் உட்காருவதற்குள் ஊரில் இரண்டு கன்றுகள் வளர்ந்து பசுக்களாகிவிட்டன.

கதை இதுதான். லண்டனுக்குப் படிக்கப்போன இளம் அரசர் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறார். அதையே சாக்காக வைத்து வெள்ளை அரசாங்கம் அவரை நாடு கடத்தப் பார்க்கிறது. முதலில் சித்தப்பா மன்றத்தில் எழுந்து அந்தக் கல்யாணத்தைக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும். அதற்கென்றே ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த பெரிய நடிகர், முந்தின நாள் ஒரு விருந்தில் முக்கால் மாட்டைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார். வேடம் ஊர்க்காரர்களுக்கு வந்தது. போட்டியில் இரண்டே பேர். தோற்றவருக்கு, வெள்ளை அதிகாரிக்குக் குடை பிடிக்கும் வேடம்.

"குடையைத் துடைச்சு வச்சிருக்கேன் மொடிசா," என்று கெபோனாங் சிரித்தார். "உன் உயரத்துக்கு அளவா இருக்கும்."

"நீயே பிடிச்சுக்கோ. தபால் ஆபீஸ்ல துரைகளுக்குப் பிடிச்ச கைதானே?"

"உனக்குக் கோபமே வராதேப்பா! எழுபத்தெட்டு வயசுல பொண்டாட்டிக்கு டீ போட்டுக் கொடுக்கிற ஆளு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வேலிக்கு அப்பால் நின்ற பழைய பிக்கப் வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அதட்டியது: "குடை பிடிச்சீங்கன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க, ரா!"

மனைவியின் குரல் கேட்டதும் ரா மொடிசா தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுதிக்கொடுத்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் செருகினார்.

"வசனம் வேண்டாமா?" என்றாள் செபீசோ.

"வலு பத்தல, மகளே."

தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், இடி இறங்கியது.

"இந்தக் கல்யாணம் நடக்காது! அந்த வெள்ளைத் தோல் படிச்சிருந்தா என்ன, பண்பா பேசினா என்ன? அக்கம்பக்கத்துல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது? பிறக்கப்போற குழந்தையை எந்த இனத்துல சேர்ப்பீங்க? இவங்களோட ஒரே மேசையில உட்கார்ந்தா எனக்குச் சோறு இறங்காது! இந்த வாசலைத் தாண்டினா, எனக்கு இப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லைன்னு தலை முழுகிடுவேன்!"

"மேசை! மேசையைத் தட்டுங்க!" என்றது பிக்கப்.

மன்றத்தில் மேசை ஏது? திரும்பி நாற்காலியின் கையில் ஓங்கி ஓர் அறை விட்டார். அது ஒடிந்து விழுந்தது. அரசியாக நடித்த பெண் நிஜமாகவே தேம்பினாள். அதிகாரியாக நடித்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நின்றார். ரா மொடிசா உட்கார்ந்த பிறகுதான் கூட்டம் மூச்சு விட்டது. "பூலா! பூலா!" என்று மழையைக் கூப்பிட்டு அது போட்ட சத்தத்தில், போன வருஷத்து மேகங்கள்கூடத் திரும்பிப் பார்த்திருக்கும்.

கெபோனாங் குடையை எடுத்துக்கொண்டார்.

"வேடம் உங்களுக்குத்தான்!" ட்ரெவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு வெறுப்பு எங்கேருந்து வந்தது? உங்க சித்தப்பா யாராவது இப்படிப் பேசினாரா?"

"எங்க சித்தப்பாவா? அவர் என் கல்யாணத்துக்கு ரெண்டு மாடு அடிச்சுப் போட்டார், சார். இது உங்க நாட்டுல, லீட்ஸ் ஊர்ல ஒருத்தர் என் முகத்துக்கு நேரா பேசினது. அம்பத்திரண்டு வருஷமா மனசுல வச்சிருந்தேன். இன்னிக்கு நிறத்தை மட்டும் மாத்தினேன்."

பிக்கப் கதவு திறந்தது. கையில் டீ பிளாஸ்க்கும், வெயிலில் தக்காளியாய்ச் சிவந்த மூக்கும், நீலக் கண்களுமாக இறங்கிய மா மொடிசா சொன்னாள்: "ஆனா, எங்கப்பா ரெண்டு தடவை தட்டினார்."