இருபத்துநாலாம் நம்பர்

"சார், அந்த ரெண்டையும் எடுத்துட்டா—"

"எடுத்துட்டா என்ன? அழுவுமா?"

"—கோடு ஊருக்குள்ள போயிடும் சார், அதான் சொல்—"

"போவட்டும்! ஒண்ணுத்துக்கும் ஆவாத ரெண்டு ஓட்டைக்கு ஒரு மணி நேரமா வக்காலத்து!"

மஞ்சக்குப்பத்து மாடி ஆபீசில் மேனேஜர் ஜெயப்பிரகாஷ் கத்தியது கீழே டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். எதிரே சிவசக்தி மேப்பை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். சிறுகொல்லைமேட்டில் பழுப்பு நிலக்கரி எவ்வளவு இருக்கிறது என்று இருபத்துநாலு இடத்தில் துளை போட்டுக் கணக்கெடுத்தவள் அவள்தான். இருபத்திரண்டு துளையில் கரி இருந்தது. இருபத்துமூன்றிலும் இருபத்துநாலிலும் வெறும் மணல்.

"மணல் வந்ததாலதான் சார், கரி அங்க முடிஞ்சிடுச்சின்னு தெரியுது. அந்த ரெண்டும் இல்லன்னா கம்ப்யூட்டர் கரி இன்னும் இருக்குன்னு நெனச்சிக்கிட்டு மேக்கால ஒரு கிலோமீட்டர் இழுத்துடும்."

"இழுக்கட்டுமே. முதலாளிங்க அறுபது மில்லியன் டன் கேக்குறாங்க. நீ நாப்பதுல ஒக்காந்துகிட்டு எழுந்திருக்க மாட்டேங்குற."

"கோட்டுக்குள்ள வர்ற வீட்ட எல்லாம் சொரங்கம் தோண்டன்னு காலி பண்ணிடுவாங்க சார். முப்பது வீடு இருக்கு."

"பாத்தியா, வந்துடிச்சி வெளிய! அங்க யாரு இருக்கா, உங்க சித்தப்பனா, பெரியப்பனா? எத்தன ஏக்கர் முந்திரி?"

"எங்களுக்கு சிதம்பரம் சார். கீழ வீதியில வாடக வீடு. சொந்தம்னு ஒரு சாண் மண்ணு கெடையாது."

"அதான் தேர்வடம் புடிச்சாப்புல விடாம புடிச்சிக்கிட்டு நிக்கிற."

சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அவர் தமாஷுக்கு முதலில் சிரிக்கிறவர் எப்போதும் அவர்தான். கடைசியாகச் சிரிக்கிறவரும் பெரும்பாலும் அவரேதான்.

சிவசக்தி மேப்பை மேஜையில் வைத்துவிட்டு, மண் அப்பிய ஒரு நோட்டைப் பிரித்தாள். "டிரில்லர் கலியமூர்த்தி அண்ணன் எழுதியிருக்குறத கேளுங்க சார். 'இருபத்துநாலு. தண்ணி டேங்குக்குத் தெற்கே. கட்டுற வீட்டில் வாசல் நிலை வைத்துப் பூஜை நடந்ததால் வண்டியை நாற்பது அடி தள்ளி நிறுத்தினோம். நூற்றிருபது மீட்டர் வரை மணல். கரி இல்லை.' இவ்ளோ ஒழுங்கா எழுதினத எப்பிடி சார்—"

"சுண்டல் குடுத்தாங்களா, அத எழுதலியா? டிரில்லர் நோட்டா அது, ஊர்க்கத நோட்டா?"

"நம்ப மாட்டேங்குறீங்கன்னா ஒருநாள் நேர்ல வந்து பாருங்க சார்."

"நேர்லயா! இந்த வெயில்லயா! முப்பது வருஷ சர்வீஸ்மா. இந்த நாற்காலியில ஒக்காந்தே பூமிக்கு அடியில என்ன இருக்குன்னு பாப்பேன்."

"நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"ஒன் கையெழுத்து யாருக்கு வேணும்? நானும் ஜியாலஜிஸ்ட்தான்."

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். பட்டியலில் கடைசி இரண்டு வரியையும் அழித்தார். திரையில் இருந்த கோடு மேற்கே வழிந்து ஊர்மேல் பரவியது. அது எதன் மேல் பரவுகிறது என்று அவர் பார்க்கவில்லை. கீழே இருந்த எண்ணைத்தான் பார்த்தார்.

"அறுபத்தொண்ணு! கேட்டதுக்கு மேல ஒண்ணு ஜாஸ்தி! இவ்ளோதான் வேல. இதுக்குப் போயி ஒரு மணி நேரம்."

கையெழுத்தைப் போட்டு ரிப்போர்ட்டைச் சென்னைக்கு அனுப்பினார். மத்தியானத்துக்குள் முதலாளிகள் அதை அரசாங்கத்துக்கு அனுப்பினார்கள். நாலு மணிக்குப் பங்குச்சந்தைக்கும் அறிவித்தாகிவிட்டது. இனிமேல் அந்தக் கோட்டை உள்ளே தள்ளி வைக்க யாராலும் ஆகாது.

சாயங்காலம் சிவசக்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஜெயப்பிரகாஷ் மலர்ந்த முகத்தோடு கூப்பிட்டார்.

"இந்தாம்மா, ஒனக்குக் குடுக்கவே இல்லல்ல." மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை நீட்டினார். "வெள்ளிக்கிழம வீடு குடி போறோம். வீரட்டானம் நகர்னு பிளாட் போட்டிருக்கான், திருவதிகையத் தாண்டி. அம்மாவையும் கூட்டியா. அங்க வந்து கோடு, ஓட்டைன்னு பேசி மானத்த வாங்காத."

"நீங்க வீடு கட்டுறதே தெரியாது சார்."

"எனக்கே சரியா தெரியாது போ. மச்சான் அறிவழகன்தான் எல்லாம் பாத்துக்கிட்டான். நான் ரெண்டு தடவ போனேன், கார்ல ஏசிய விட்டு எறங்கல. வழி பின்னால வரஞ்சிருக்கு பாரு. ஒனக்குத்தான் மேப்புன்னா உயிராச்சே."

சிவசக்தி பத்திரிகையைத் திருப்பினாள். பண்ருட்டி ரோடு, அதிலிருந்து ஒரு வளைவு, பொடி எழுத்தில் 'சிறுகொல்லைமேடு தண்ணீர் டேங்க்', அங்கிருந்து தெற்கே ஓர் அம்புக்குறி. அம்பு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு வீடு.

பையைக் கீழே வைத்தாள். காலையில் மேஜையில் விட்ட மேப்பைப் பக்கத்தில் இழுத்து, இரண்டையும் சேர்த்து வைத்து, விரலால் மெதுவாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு தடவை ஓட்டினாள்.

"என்ன, அதுலயும் தப்பு கண்டுபுடிச்சிட்டியா?"

"சார், இருபத்துநாலாம் நம்பர் ஒங்க வாசல்லதான் போட்டோம்."