துணையிழப்பு

லிஃப்ட் வராமலேயே திறந்துகொண்ட கதவுக்குள் காலை வைத்து, நாலாவது மாடியிலிருந்து விழுந்து செத்தான் தமயந்தியின் கணவன். கதவு பழுதென்று தெரிந்தும் ஓர் எச்சரிக்கைப் பலகைகூட மாட்டாதது கட்டட உரிமையாளரின் கவனக்குறைவு. அதை நிரூபித்தாகிவிட்டது. "துணையை இழந்ததுக்குத்தான் நஷ்டஈடு கேக்கறோம். இனி நீங்க எதை இழந்தீங்கன்னு கோர்ட்டுக்குச் சொல்லணும். வீட்டுல உங்ககிட்ட எப்படி இருப்பார்னு மனசுவிட்டுச் சொல்லுங்கம்மா" என்றாள் வக்கீல் ஜெசிந்தா.

தமயந்தி சாட்சிக் கூண்டில் ஏறினாள். பதினோரு வருடத்தில் ஒருமுறையும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாதவன் அவன். காபி வேண்டுமென்றால் காலி டம்ளரை ஒரு விரலால் அவள் பக்கம் நகர்த்துவான். அதைச் சொன்னால் வழக்கு நொண்டியடிக்கும், மகளின் படிப்பு நின்றுபோகும்.

"எனக்குத் தலைவலின்னா அவரே காபி போட்டு எடுத்துட்டு வருவாருங்கய்யா" என்று தொடங்கினாள். மழைநாளில் பஸ் நிறுத்தத்துக்குக் குடையோடு வந்து நின்றதைச் சொன்னாள். பிரசவமானதும் குழந்தையை விட்டுவிட்டு முதலில் தன் முகத்தைப் பார்த்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே நிறுத்தத் தெரியவில்லை. பிணத்தைத் தூக்கியபோதுகூட வராத அழுகை இப்போது வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை வேண்டாமென்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் மாமியார் அவள் முழங்கையைப் பிடித்தாள். "யாரைப் பத்திடி சொன்னே அங்க? என் பிள்ளையையா?"

"இல்லத்தே." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள் தமயந்தி. "ஆனா அந்த மனுஷன் இல்லாம இனிமே எப்படி இருப்பேன்?"