முப்பத்திரண்டு மூடை

“உங்கட வயலைப் பற்றி நீங்களே சொல்லேலாது. பக்கத்துக் காணிக்காரர்தான் சொல்லவேணும்” என்றார் தாட்சாயினி மிஸ்.

தில்லைநாதன் கூட்ட மண்டபத்தின் மற்றப் பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவருடைய பக்கத்துக் காணிக்காரன் முத்துலிங்கம். நடு வரம்பை அரை முழம் தள்ளி வெட்டியது யார் என்ற விஷயத்தில் இருவருக்கும் முகப்பேச்சு நின்று வருசக்கணக்காகிறது. கோயில் திருவிழாவில் இவர் வடக்கு வீதியில் நின்றால் அவர் தெற்கு வீதிக்குப் போய்விடுவார். சுவாமிதான் பாவம், இருவருக்கும் தனித்தனியாகக் காட்சி கொடுத்துக்கொண்டு திரிகிறது.

நெடுங்கேணிக் கந்தோரிலிருந்து மிஸ் வந்த காரியம் இதுதான். குளத்தோரக் காணிகளை உழுது உழுது, மண் கரைந்து, குளம் தூர்ந்துகொண்டு வருகிறது. அந்தத் துண்டுகளில் விதைப்பை விட்டுவிட்டு மருதும் புங்கும் நட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒரு திட்டம் வருசா வருசம் காசு கொடுக்கப்போகிறது. ஏக்கருக்கு என்ன வீதம் என்று போட வேண்டுமானால், விதைக்காமல் விட்டால் எத்தனை மூடை நெல் நட்டம் என்று தெரியவேண்டும்.

அதை அவரவரிடம் கேட்டால் கதை முடிந்த மாதிரித்தான். கண்ணூறு நாவூறுக்குப் பயந்து அந்த ஊரில் தன் வயல் விளைந்தது என்று எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. களத்தில் நெல் மலையாகக் குவிந்து கிடந்தாலும், “ஏதோ சாப்பாட்டுக்குக் காணும்” என்பதோடு நிற்பாட்டிவிடுவார்கள்.

மிஸ்ஸும் கமக்காரன் வீட்டுப் பிள்ளைதான். தெரியாதா?

தில்லைநாதனின் ஒரு ஏக்கர் துண்டு மாரி பிறந்தால் குளத்துக்குள்தான் கிடக்கும். விதைத்த நெல்லை மீன் தின்னும், மீனைக் கொக்குத் தின்னும், கடனை இவர் கட்டுவார். இந்தத் திட்டத்தில் அந்தத் துண்டைத் தள்ளிவிட்டு, வருகிற காசில் குசினிக்குக் கூரை போட்டுத் தருவதாக மனைவி ஜெகதீஸ்வரிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். விளைச்சல் கூடினால் காசும் கூடும் என்று ஊரெல்லாம் கதை. அந்த விளைச்சலை முத்துலிங்கத்தின் வாய் சொல்லவேண்டும் என்றால் கூரை எங்கே, குசினி எங்கே?

முதலில் மிஸ் கேட்டது இவரைத்தான். “ஐயா, முத்துலிங்கத்தாரின்ர துண்டு எத்தனை மூடை விளையும்?”

“எட்டு. அதிலயும் பாதி பதர்.”

பெண்கள் பக்கமிருந்து ஜெகதீஸ்வரி பல்லைக் கடித்தார். “இஞ்சாருங்கோ, அடுத்தது உங்கட காணி!”

சொல்லி முடிந்துவிட்டது. மண்டபத்தில் கிசுகிசு எழும்பியது.

முத்துலிங்கம் ஆறுதலாக எழுந்து சறத்தைச் சரிசெய்தார்.

“தில்லையண்ணையின்ர துண்டு முப்பத்திரண்டு மூடை குடுக்கும், மிஸ். பொன் விளையிற பூமி.”

சனம் வாயில் கை வைத்தது. பகையாளி வயலை நாலு பேர் முன்னால் இப்படிப் புகழ்ந்ததை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. நாவூறு கழிக்கச் செத்தல் மிளகாய் போதாது என்று ஒரு மனுசி முணுமுணுத்தது கூடக் கேட்டது.

தில்லைநாதனுக்கோ கண் கலங்கிவிட்டது. நான் எட்டு என்றேன், அவன் முப்பத்திரண்டு என்கிறானே! கூரை மட்டுமென்ன, புகைக்கூடும் கட்டலாம் போலிருந்தது.

மற்றவர்கள் அயலுக்குப் பதினைந்து, பதினெட்டு என்று அளந்து அளந்து கொடுத்தார்கள். கடைசியில் மிஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தார்.

“ஊருக்கு ஒரே வீதம்தான். இனி, ஒரு விஷயம். இருபது மூடைக்கு மேல விளையிற காணியை இதில சேர்க்கேலாது. அது நல்ல நெல்லுக்காணி, நெல்லுக்குத்தான் விடவேணும். இதை முதலே சொல்லியிருந்தால் எல்லாரும் பத்தொன்பது எண்டிருப்பியள்.”

மண்டபம் சிரித்தது. இருபதைத் தாண்டியது ஒரே ஒரு காணிதான்.

தில்லைநாதன் எழுந்து நின்றார். பிறந்ததுக்கு முதல்முறையாகத் தன் வயலைப் பற்றிச் சபையில் உண்மை பேசினார்.

“மிஸ், என்ர துண்டு ஏழு மூடைக்கு மேல ஒருநாளும் குடுத்ததில்லை. சத்தியமா!”

இந்தமுறை சிரிப்பில் தகரக்கூரை அதிர்ந்தது.

“அண்ணை, களத்திலயும் இதைத்தானே சொல்லுறனீங்கள்!” என்றான் பின்வரிசையிலிருந்து தயாபரன்.

மிஸ்ஸும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “நான் என்ன செய்ய, ஐயா? சொன்ன ஆள் கந்தோருக்கு வந்து மாத்திச் சொன்னால் மாத்தலாம்.”

சொன்ன ஆள் அதற்குள் வெளியே போய் மோட்டார் சைக்கிளில் ஏறியிருந்தார்.

தில்லைநாதன் மனைவியைப் பார்த்தார். ஜெகதீஸ்வரி நாடியால் வாசலைக் காட்டினார். அந்த நாடியில் கூரை, சுவர், அடுப்பு எல்லாம் இருந்தன.

முற்றத்து மணலில் அவர் நடந்த நடையைப் பார்க்க ஜன்னலில் இடம் கிடைக்கவில்லை. போனார். நின்றார். இருமினார். தொண்டையில் இத்தனை வருசமாக அடைத்துக் கிடந்தது ஒரு பெயர்தான்.

“முத்துலிங்கம்...”

முத்துலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பின்சீற்றைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

“ஏறுங்கோ அண்ணை, வீட்டை விடுறன். நாளைக்குக் கந்தோருக்குப் போய் மாத்துவம்.”

தில்லைநாதன் ஏறினார். வண்டி ஒழுங்கைக்குள் திரும்பிய பிறகு, காற்றுக்கு மேலால் முத்துலிங்கத்தின் குரல் வந்தது.

“போன கிழமை அக்கராயன்ல தங்கச்சி வீட்டை நிண்டனான். அங்கயும் இந்த மிஸ்தான் வந்து, இதே கூட்டத்தை வைச்சவா.”