மூன்றாம் மாடியில் கேட்ட குரல்

கறிக்கடைக்காரரின் முறுக்கு மீசையைக் கண்ட மாத்திரத்திலேயே குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு ஐயம் தீர்ந்துவிட்டது. குற்றவாளி இவன்தான், நான்காம் மாடிக்குப் புதிதாய்க் குடிவந்த இவனேதான்.

நகரின் நெரிசலுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் ஆறுமாடிக் குடியிருப்பு அது. குளியலறைச் சன்னல்கள் யாவும் ஒரே காற்றுச் சந்தில்தான் திறக்கும். இரவுப் பணி முடித்து மூன்றாம் மாடி நர்ஸ் கண்ணயரும் காலை வேளையில், அந்தச் சந்தின் வழியே ஒரு குரல் இடியாய் இறங்குகிறதாம். எந்த மாடி என்பது தெரியவில்லை. சொற்களும் பாதி எதிரொலியில் கரைந்துவிடுகின்றன.

"மாட்டைக்கூட யாரும் அப்படி அதட்ட மாட்டாங்க சார். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டதில்ல. அந்தம்மா யாரோ, பாவம்."

செயலாளர் கொதித்தெழுந்தார். பெண்ணுரிமைக்காக மேடை மேடையாய் முழங்கியவர் அல்லவா? தாம் பொறுப்பு வகிக்கும் கட்டடத்திலேயே ஒருத்தி ஊமையாய்க் குமுறுவதா?

இரண்டு நாள் காலையில், குளியலைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு, கறிக்கடைக்காரரின் வாசலருகே படிக்கட்டில் காவல் நின்றார். அந்த இரண்டு நாளும் குரல் எழவே இல்லை. பயல் மோப்பம் பிடித்துவிட்டான், அதனால்தான் வாயை மூடிக்கொண்டான் என்று நர்ஸுக்கு விளக்கம் சொன்னார்.

செயலாளர் வீட்டு வாசலிலேயே வந்து மிரட்டியதும் கறிக்கடைக்காரர் கைகூப்பினார். பிள்ளைகளுக்கு இப்போதுதான் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, காலி செய்யச் சொன்னால் எங்கே போவோம் என்று குழைந்தார்.

அவர் மனைவி முன்னே வந்தாள். "இவரு வீட்டுல வாயே திறக்க மாட்டாருங்க. கத்துறதெல்லாம் நான்தான்."

அச்சம் அவளைப் பொய் பேச வைக்கிறது என்று செயலாளர் உள்ளம் உருகினார். மறுநாள் கூட்டத்தில் வெளியேற்றத் தீர்மானம் உறுதி என்று அறிவித்துவிட்டு ஐந்தாம் மாடியிலுள்ள தம் வீட்டுக்கு ஏறினார்.

கூட்ட நாள் காலை. சோப்பு நுரைக்குள் நின்றபடி, உரையை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தார். பெண்ணை மதிக்காத வீடு வீடல்ல, சிறைக்கூடம்; அதன் பூட்டை உடைக்கவே இங்கே கூடியிருக்கிறோம். கைதட்டலே காதில் விழுந்துவிட்டது. கண்ணில் நுரை கரிக்க, கொடியைத் துழாவினார். வெறுங்கொடி.

"ஏய், துண்டு எங்கடி? தினம் ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருக்கணுமா? உனக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

வழக்கம்போல் பதில் வரவில்லை. சற்றுப் பொறுத்துக் கதவு தட்டப்பட்டது. இடுக்கு வழியே மனைவியின் ஒரு கை துண்டை நீட்டியது. மறு கை அவளுடைய கைப்பேசியை நீட்டியது.

"மூணாம் மாடி நர்ஸம்மாங்க. அந்தக் குரல் இப்பதான் கேட்டுச்சாம். உங்களை உடனே வரச் சொல்றாங்க."