நோயாளிகள் உறங்கும் இடம்

மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், மெல்பர்ன் மழைக்கு இருவரும் ஒதுங்கிய சிறிய அருங்காட்சியகம் அது. கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் ஒளியில் களிமண் கால் ஒன்றும் காது ஒன்றும் கிடக்கின்றன. பழைய கிரேக்கத் தீவொன்றில், குணமானவர்கள் மருத்துவக் கடவுளுக்குச் செலுத்திய நேர்த்திக்கடன். நோயாளிகள் கோயிலிலேயே படுத்துறங்குவார்களாம். கடவுள் கனவில் வந்து தொட்டுச் சுகமாக்குவாராம். அதை வாசித்துவிட்டுத்தான் வதனி, "அப்ப நீங்களும் இதிலை கொஞ்சம் கண்ணை மூடுங்கோவன்," என்று கணவனைச் சுவரோர மர வாங்கில் இருத்தினாள். திருக்குமரனுக்கோ உறக்கம் வரவில்லை. டயாலிசிஸ் ஊசி இறங்கிய கை கடுக்கிறது. வதனிதான், முதியோர் இல்லத்து இரவு வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல், அவன் தோளில் சாய்ந்து வாய் லேசாகத் திறந்தபடி தூங்குகிறாள். மடியில் அவனுடைய மாத்திரைப் பெட்டி. தூக்கத்திலும் விரல்கள் அதை விடவில்லை. கண்ணுக்குக் கீழே இத்தனை கறுப்பு எப்போது வந்தது?

கதவடைக்க வந்த ஊழியப் பெண், இவர்கள் தமிழ் பேசியதை முன்பே கேட்டவள், வாங்கருகே தயங்குகிறாள். "மூடற நேரம் அங்கிள்... ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையா?"

எல்லோரும் அவனைப் பற்றிக் கேட்கும் கேள்வி அது. கட்டுப்போட்ட கையை அவன் சட்டைக்குள் இழுத்துக்கொள்கிறான்.

"ஓம் பிள்ளை," என்கிறான் மெதுவாக. "கொஞ்சம் படுக்கட்டும்."